துண்டுச் சீட்டின் தளையை அறுத்த சேர் பொன்னம்பலம் அருணாசலம்

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை ஊடாகச் செல்லும் பாதையில் அமைந்துள்ள ராகலை நகருக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரயிலும் ஓடியது. நானுஓயாவிலிருந்து நுவரெலியாவைத் தொட்டு ராகலை வரை போடப்பட்ட அந்தக் குறுகிய பாதையின் தண்டவாளங்கள் இன்றில்லை. அன்றைய தோட்ட வாழ்க்கையைச் சொல்லும் சில சொற்கள் மட்டும் மலையகத்தின் நினைவில் எஞ்சியுள்ளன. கங்காணி, முற்பணம், துண்டு, பற்றுச்சீட்டு என்பன அவற்றுள் சில.

சில மாதங்களுக்கு முன்னர் ராகலையை அண்டிய தோட்டமொன்றில், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மூதாட்டி ஒருவருடன் உரையாடும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. அத்தோட்டத்தில் ஒருமுறை உதவிப் பொருட்கள் வழங்கப்படுவதற்கு முன்பு, வீட்டுக்கு ஒருவர் கான் வெட்டும் வேலைக்கு வரவேண்டும் என அறிவிக்கப்பட்டதாம். வேலையின்றி இருந்த தமது மகன் அதற்குச் சென்றதாகவும், அன்றைய உழைப்புக்குக் கூலி ஏதும் கொடுபடவில்லை என்றும், வராத வீடுகளுக்குப் பொருட்கள் கிடைக்கவில்லை என்றும் அவர் கூறினார். பின்னர் அவர் எம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். கொடுத்தது உதவியென்றால் அதற்கு வேலை எதற்கு? கொடுத்தது கூலியென்றால் அது ஏன் இவ்வளவு குறைவு?

அந்தக் கேள்விக்கு எம்மால் உடனே விடை கூற முடியவில்லை. ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இதே கேள்வியை வேறொரு வடிவில் எதிர்கொண்டு, அதற்கு விடை காண முயன்ற ஒருவரின் வாழ்க்கை எமது நினைவுக்கு வந்தது. அவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவர், பல்கலைக்கழக இயக்கத்தின் முன்னோடி, அறிஞர் என்றெல்லாம் அவரைப் பாடநூல்கள் அறிமுகம் செய்கின்றன. பெருந்தோட்டத் தொழிலாளரின் விடுதலை வரலாற்றில் அவருக்குள்ள இடம் போதியளவு பேசப்படுவதில்லை.

அருணாசலம் 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். செல்வமும் கல்வியும் செல்வாக்கும் ஒருங்கே அமைந்த குடும்பம் அது. தாய்மாமன் சேர் முத்து குமாரசுவாமி. மூத்த சகோதரர்கள் பொன்னம்பலம் குமாரசுவாமியும் சேர் பொன்னம்பலம் இராமநாதனும். பின்னாளில் கலை வரலாற்று அறிஞராக உலகப் புகழ் பெற்ற ஆனந்த குமாரசுவாமி இவர்களது மைத்துனர். கொழும்பு அக்கடமியில் (இன்றைய றோயல் கல்லூரி) பயின்று புலமைப்பரிசில் பெற்ற அருணாசலம், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிறைஸ்ட் கல்லூரிக்குச் சென்றார். 1875இல் இலங்கை சிவில் சேவைக்கான போட்டிப் பரீட்சையில் தேறி, அவ்வழியே அச்சேவையில் நுழைந்த முதல் இலங்கையர் என்ற பெருமையைப் பெற்றார்.

அத்தகைய பின்னணி கொண்ட ஒருவருக்குத் தோட்ட லயன்களில் வாழ்ந்தோரின் துயர் தெரியவேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவரது உத்தியோகமே அதை அவருக்குத் தெரிவித்தது எனலாம். நீதவானாகவும் மாவட்ட நீதிபதியாகவும் அவர் பல ஊர்களில் கடமையாற்றினார். வேலையை விட்டு ஓடிய தொழிலாளர் மீதான வழக்குகள் அக்காலத்தில் நீதவான் மன்றங்களுக்கே வந்தன. 1880களின் பிற்பகுதியில் பதிவாளர் நாயகமாக நியமிக்கப்பட்டதும், சீர்குலைந்து கிடந்த காணிப் பதிவையும் பிறப்பு இறப்புப் பதிவையும் ஒழுங்குபடுத்தினார். 1901ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டை நடத்தி, அதன் அறிக்கையை இத்தீவின் மக்கள் பற்றிய ஆய்வுநூலாகவே எழுதி வெளியிட்டார். இலங்கையின் சனத்தொகை அன்று சுமார் 35 இலட்சத்து 65 ஆயிரம். சோனகரும் மலாயரும் அதில் தனித்தனிச் சமூகங்களாகவே எண்ணப்பட்டனர். தோட்டங்களில் வாழ்ந்தோரின் எண்ணிக்கையும் தனியாகக் கணிக்கப்பட்டது. எத்தனை பேர் பிறந்தனர், எத்தனை பேர் மடிந்தனர் என்ற கணக்குகள் அவரது அலுவலகம் வழியாகவே சென்றன. தொழிலாளரின் வாழ்வை அவர் முதலில் அறிந்தது கணக்கேடுகளின் வாயிலாக என்றால் அது மிகையாகாது.

அந்தக் கணக்கேடுகளுக்குப் பின்னால் இருந்த மக்கள் எப்படி இங்கு வந்தனர் என்பதைச் சிறிது நோக்குவது அவசியம்.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் வாட்டியது. பசித்தோருக்கு உணவளிக்க அரசாங்கம் நிவாரண வேலைகளைத் திறந்தது. மண் சுமந்தவருக்கும் கல் உடைத்தவருக்கும் மட்டுமே அங்கு உணவு உண்டு. 1877இல் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட சேர் ரிச்சர்ட் டெம்பிள், செலவைக் குறைக்கும் நோக்கில், கடினமாக உழைக்கும் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு இறாத்தல் தானியமும் சிறு காசும் போதும் என வரையறுத்தார். அந்த அளவு மனிதரை உயிருடன் வைத்திருக்கப் போதாது என்று சென்னையின் சுகாதார ஆணையாளர் வைத்தியர் கோர்னிஷ் கடுமையாக எதிர்த்தார். உழைக்காதவனுக்கு உதவினால் அவன் சோம்பேறியாகிவிடுவான் என்பதே ஆட்சியாளரின் வாதமாக இருந்தது. இங்கிலாந்தில் 1834ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம் உருவாக்கிய சிந்தனை அது. அந்தப் பஞ்சகாலத்தில் ஆயிரக்கணக்கானோர் கடல் கடந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தனர்.

அவர்களை அழைத்து வந்தவர் கங்காணி. வழிச்செலவுக்கும் உணவுக்கும் உடுதுணிக்கும், ஊரிலிருந்த பழைய கடனை அடைப்பதற்கும் அவர் முற்பணம் கொடுத்தார். வேலையற்றுப் பசித்திருந்த குடும்பத்துக்கு அது உதவியாகவே தோன்றியது. ஆனால் தோட்டத்தில் கால் வைத்த நாளிலேயே அது கடனாக மாறியது. சம்பளம் கணக்கில் எழுதப்பட்டது. அரிசிக்கும் கம்பளிக்கும் முற்பணத்துக்கும் என அக்கணக்கிலிருந்து பணம் கழிக்கப்பட்டது. மாதம் முழுவதும் வேலை செய்தவரின் பெயர் செக்ரோலில் இருந்தது, கையில் காசு இருக்கவில்லை. கூலி இல்லாத வேலை என்று எந்தச் சட்டமும் அதற்குப் பெயரிடவில்லை. நடைமுறையில் அது அவ்வாறே இருந்தது.

இந்தக் கடனை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு எடுத்துச் செல்லும் கருவியே துண்டு. இன்ன தொகையைச் செலுத்தினால் இந்தக் கங்காணியையும் இவரது ஆட்களையும் விடுவிக்கலாம் எனத் தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சிறு காகிதம் அது. ஆள் தேவைப்பட்ட தோட்டம் அத்தொகையைக் கொடுத்து முழுக் கூட்டத்தையும் எடுத்துக்கொண்டது. ஆட்களுக்கான போட்டி கூடக்கூடத் துண்டின் தொகையும் ஏறியது. அதனால் பயனடைந்தவர் பெரும்பாலும் பெரிய கங்காணி. அந்தத் தொகையோ தொழிலாளரின் கடனாகவே அவர்களுடன் தோட்டந்தோட்டமாகச் சென்றது. தமது பெயரில் எவ்வளவு எழுதப்பட்டிருந்தது என்பதையே அவர்களில் பலர் அறிந்திருக்கவில்லை.

துண்டின்றி ஒருவர் வெளியேறினால் என்ன நடக்கும்? 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதற்கு வழி செய்திருந்தது. வேலையைக் கைவிட்டுச் செல்லுதல், கடமையைப் புறக்கணித்தல், துரைக்குக் கீழ்ப்படியாமை ஆகியவை தண்டனைக்குரிய குற்றங்களாக இருந்தன. கடூழியச் சிறையும் சம்பள இழப்பும் அதற்கான தண்டனைகள். இரு தரப்பாருக்கிடையிலான ஒப்பந்தம் முறியும்போது சாதாரணமாக அது குடியியல் வழக்காகும். தோட்டத் தொழிலாளி முறித்தால் மட்டும் அது குற்றவியல் வழக்கானது. இலங்கைக்கு வந்தோர் பிஜிக்கும் தென்னாபிரிக்காவுக்கும் சென்றோரைப் போல ஒப்பந்தக் கூலிகள் அல்லர், ஒரு மாத முன்னறிவித்தலுடன் விலகிச் செல்லும் சுதந்திரம் உடையோர் என அரசாங்கம் பெருமை பேசியது. ஆனால் கடனும் சிறையும் சேர்ந்து அந்தச் சுதந்திரத்தை வெறும் எழுத்தாக்கிவிட்டன.

1913இல் அருணாசலம் அரச சேவையிலிருந்து ஓய்வுபெற்றார். நிர்வாக சபை உறுப்புரிமையும் சேர் பட்டமும் அவரைத் தேடி வந்திருந்தன. அறுபது வயதில் அமைதியாக நூல்களுடனும் சைவ சித்தாந்த ஆய்வுடனும் காலம் கழித்திருக்கலாம். அவர் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. 1915இல் இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தை அமைத்து, கொழும்பின் ஏழைகள் வாழும் பகுதிகளில் கல்வி, மருத்துவம், வீட்டுவசதி ஆகியவற்றில் கவனம் செலுத்தினார். 1917இல் இலங்கைச் சீர்திருத்தக் கழகத்தைத் தொடக்கினார். 1919 ஜூன் மாதத்தில் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தை நிறுவினார். அதன் செயலாளராகப் பணியாற்றியவர் பெரி சுந்தரம். மலையக மண்ணில் பிறந்து கேம்பிரிட்ஜில் கற்று, பின்னர் இந்நாட்டின் முதலாவது தொழில் அமைச்சராகவும் உயர்ந்தவர் அவர். கொழும்பின் கனவான் ஒருவரும் மலையகத்தின் மைந்தர் ஒருவரும் இணைந்து நடத்திய பணி அது என்பது குறிப்பிடத்தக்கது.

இவர்களுக்கு முன்பே களம் ஓரளவு உழப்பட்டிருந்தது. சென்னை அரசாங்கத்தின் சார்பில் இலங்கையிலும் மலாயாவிலும் இருந்த இந்தியத் தொழிலாளரின் நிலையை ஆராய்ந்து 1917இல் அறிக்கை வெளியிட்டவர்கள் இருவர். ஒருவர் மார்ஜோரிபேங்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி. மற்றவர் தமிழகத்து முஸ்லிம் பிரமுகரான அஹமத் தம்பி மரைக்காயர். கங்காணி முறையையும் தொழிலாளரை அழுத்திய கடனையும் அவ்வறிக்கை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. மலையகத் தமிழரின் விடுதலை வரலாற்றில் ஒரு மரைக்காயரின் பெயரும் இடம்பெற்றுள்ளதை நமது இரு சமூகத்தாரும் நினைவில் வைத்திருத்தல் நன்று.

அருணாசலத்தின் வழி ஆர்ப்பாட்டத்தின் வழி அன்று. சட்டத்தின் வாசகங்களை எடுத்துக் காட்டினார். எத்தனை பேர் எதற்காகச் சிறை சென்றனர் என்ற விபரங்களைத் திரட்டினார். அரசாங்கத்துக்கு விண்ணப்பங்கள் அனுப்பினார். வாழ்நாள் முழுவதும் கணக்கேடுகளைப் படித்த மனிதர், அவற்றையே ஆயுதமாக்கினார். தொழிலாளரின் வறுமைக்கு அவர்களது சோம்பலும் ஊதாரித்தனமுமே காரணம் எனத் தோட்டத்துரைமார் கூறி வந்த காலம் அது. கடன் தானாக வளர்வதில்லை, சட்டம் காவல் நிற்பதால் வளர்கிறது என்பதே அவரது நிலைப்பாட்டின் சாரமாக இருந்தது. சிறைக் கதவைத் திறந்துவிட்டால் கடன் தன் பலத்தை இழக்கும் என அவர் கணித்தார்.

1921, 1922ஆம் ஆண்டுகளில் வந்த சட்ட மாற்றங்களால் துண்டு முறை ஒழிந்தது. வேலையை விட்டுச் சென்ற தொழிலாளரைச் சிறையிடும் ஏற்பாடும் நீங்கியது. இதை அருணாசலம் தனியொருவராகச் சாதித்தார் என்று கூறுவது வரலாற்றுக்கு நியாயமாகாது. இந்தியாவில் எழுந்த கண்டனம், 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தால் ஆட்கள் வருவது தடைப்படலாம் என்ற துரைமாரின் அச்சம் ஆகியனவும் துணைபுரிந்தன. எனினும் இந்நாட்டுக்குள்ளிருந்து, ஆட்சியாளர் புறக்கணிக்க முடியாத ஒரு குரல் இடைவிடாது ஒலித்தது அவருடையதே.

அவரது பணியின் எல்லைகளையும் நாம் மறைக்கவேண்டியதில்லை. துண்டு போன பின்னரும் பற்றுச்சீட்டு இருந்தது. அது இல்லாமல் வேறு தோட்டத்தில் பெயர் பதிய முடியாத நிலை நீடித்தது. குறைந்தபட்சச் சம்பளத்துக்கான சட்டம் 1927இல்தான் வந்தது. அருணாசலம் தலைமை தாங்கிய காங்கிரஸ் எல்லோருக்குமான வாக்குரிமையை அன்று கோரவில்லை. தோட்டத் தொழிலாளரைத் தொழிற்சங்கமாக அணிதிரட்டும் வேலையை 1930களில் அட்டனைத் தளமாகக் கொண்டு கோ. நடேசய்யரே செய்தார். அருணாசலம் தொழிலாளருக்காகப் பேசினார். நடேசய்யர் தொழிலாளரையே பேச வைத்தார். முன்னது இல்லாமல் பின்னது எளிதாக இருந்திராது. வேலையை விட்டால் சிறை என்ற சட்டம் இருக்கும்வரை வேலைநிறுத்தத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் இடமேது?

கடைசி ஆண்டுகள் அவருக்கு இனியனவாக அமையவில்லை. மேல் மாகாணத் தமிழருக்கான பிரதிநிதித்துவம் பற்றிய உடன்பாடு கைவிடப்பட்டதால் 1921இல் தாம் வளர்த்த காங்கிரஸை விட்டே வெளியேறினார். 1923இல் இலங்கைத் தமிழர் லீக்கின் (Ceylon Tamil League) உருவாக்கத்தில் பங்குகொண்டார். தென்னிந்தியத் தலயாத்திரை சென்றிருந்தபோது 1924ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் திகதி மதுரையில் காலமானார். இந்தத் தீவின் தோட்டங்களில் உழைத்தோரின் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழ் மண்ணிலேயே அவரது மூச்சு அடங்கியது.

அவர் மறைந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. எனினும் உதவி என்ற பெயரில் கூலியில்லா உழைப்பைப் பெறும் சிந்தனை மறையவில்லை. பிரித்தானியாவில் 2011ஆம் ஆண்டளவில், வேலையற்றோருக்கான கொடுப்பனவைப் பெறுவோர் சில வாரங்கள் கடைகளிலும் நிறுவனங்களிலும் சம்பளமின்றி வேலை செய்யவேண்டும், மறுத்தால் கொடுப்பனவு நிறுத்தப்படும் என்ற திட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. பட்டதாரிப் பெண் ஒருவர் தொடுத்த வழக்கில், அதற்கான விதிமுறைகள் சட்டப்படி செல்லாதவை என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. ஆயினும் அது கட்டாய உழைப்பு என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. கொடுப்பனவைத் திருப்பிக் கொடுக்கவேண்டிய நிலை வராதபடி நாடாளுமன்றமும் முன்கூட்டியே புதிய சட்டமொன்றை நிறைவேற்றிக்கொண்டது. செல்வந்த நாட்டிலும் ஏழையின் நேரத்துக்கு விலை இல்லை என்பதையே அது காட்டியது.

நமது நாட்டிலும் 1989இல் தொடங்கிய ஜனசவியவிலும், 1995இல் வந்த சமுர்த்தியிலும் பயனாளிகள் பொதுப்பணியில் உழைப்பை வழங்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. தோட்ட மக்களில் பெரும்பாலானோர், சம்பளம் பெறுவோர் என்ற காரணத்தால், நீண்டகாலம் அத்திட்டங்களுக்கு வெளியிலேயே வைக்கப்பட்டனர். 2023இல் அஸ்வெசும திட்டம் வந்தபின் நிலைமை ஓரளவு மாறியுள்ளது. ஆயினும் எந்தத் திட்டம் வந்தாலும் அதை நடைமுறைப்படுத்தும் அடிமட்டத்தில், வேலைக்கு வந்தால்தான் பெயர் என்ற சொல் எழக்கூடும். எமது மூதாட்டியின் அனுபவம் அதற்குச் சான்று.

சிரமதானத்தை நாம் குறைகூறவில்லை. ஊர்ப் பாதையை ஊரவர் கூடித் திருத்துவதும், கோயிலையும் பள்ளிவாசலையும் பாடசாலையையும் எல்லோரும் சேர்ந்து துப்புரவு செய்வதும் நமது நல்ல வழக்கங்கள். அந்தச் சொல்லிலேயே தானம் உண்டு. தானம் கொடுப்பவரின் விருப்பத்திலிருந்து பிறப்பது. வராவிட்டால் அரிசி இல்லை என்ற கணமே அது தானமாக இருப்பதை விட்டுவிடுகிறது. தண்டனையின் அச்சுறுத்தலால் பெறப்படும், ஒருவர் தாமாக முன்வந்து செய்யாத வேலையே கட்டாய உழைப்பு என 1930ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கை வரையறுக்கிறது. ஊரவரின் சிறு பொதுப்பணிகளுக்கு அதில் விதிவிலக்கு உண்டு. அப்பணிகளின் தேவை பற்றி ஊரவரையும் கேட்கவேண்டும் என்பது அவ்விதிவிலக்கின் நிபந்தனை. 1950இல் இலங்கையும் அதை ஏற்றுக்கொண்டது. இஸ்லாத்தில் ஸகாத் ஏழையின் உரிமையாகவே கருதப்படுகிறது. அதைப் பெறுபவர் கொடுப்பவரின் தோட்டத்தில் ஒருநாள் வேலை செய்யவேண்டும் என எவரும் கேட்பதில்லை. வேலை செய்தவருக்குக் கூலியைத் தாமதியாது கொடுக்கவேண்டும் என்பதும் அதே மார்க்கத்தின் போதனை. உதவியும் கூலியும் இரு வேறு உரிமைகள் என்ற தெளிவு நமது மரபுகளில் ஏற்கெனவே உண்டு.

இந்தத் தெளிவைத்தான் அருணாசலத்தின் பணியிலும் நாம் காண்கிறோம். முற்பணம் உதவியாக வந்தது. கணக்கில் கடனாயிற்று. சட்டத்தால் விலங்காயிற்று. அந்தச் சங்கிலியின் கடைசி வளையத்தை அவர் அறுத்தார். முதல் வளையம் மீண்டும் உருவாகாமல் பார்த்துக்கொள்வது பின்வந்த நமது பொறுப்பு. பிரதேச செயலகமோ, தோட்ட நிர்வாகமோ, தொண்டர் அமைப்போ, எவராயினும் ஏழைக் குடும்பமொன்றுக்கு உதவ விரும்பினால் உதவட்டும். கான் வெட்ட ஆள் தேவையென்றால் அன்றைய சம்பளத்தைக் கொடுத்து ஆள் எடுக்கட்டும். இரண்டையும் ஒன்றாக்கும்போது உதவியும் கெடுகிறது, கூலியும் கெடுகிறது.

கொழும்பில் பழைய பாராளுமன்ற வளாகத்தில் சேர் பொன்னம்பலம் அருணாசலத்துக்குச் சிலை உண்டு. ராகலையில் அவருக்கு நினைவுச் சின்னம் எதுவும் எமது கண்ணில் படவில்லை. ஒரு தொழிலாளி தமக்கு விருப்பமில்லாத வேலையை விட்டுவிட்டு, எவருக்கும் அஞ்சாமல் பேருந்தில் ஏறி நுவரெலியாவுக்கோ கொழும்புக்கோ செல்ல முடிகின்றதே, அதுவே அவருக்கான நினைவுச் சின்னம். அந்த மூதாட்டியின் கேள்விக்கும் விடை அதிலேயே இருக்கிறது. அவரது மகன் அன்று கான் வெட்டியது வேலை. அதற்குரிய கூலி இன்னும் நிலுவையில் உள்ளது.